எடைக் கிராணி

லாபிஸ் மில்லின் எடைப்பாலத்தில்
பதினொரு வருடமாய்க் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு வரும் லாரியை ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியை ஒரு முறை.
கழித்தால் வருவதில்தான்
சம்பளமும் சண்டையும்.

டிரைவர் ரொஸ்லான் இறங்காமல் உட்கார்ந்திருந்தால்
ஒலிபெருக்கியில் சொல்வேன்: "தூருன், பாங்."
மழை நாளில் குலை கனக்கும்,
சக்கரத்துச் சேறு கனக்கும்.
பதறமாட்டேன்.
ஒரு சீட்டை வைத்து யாரும்
தோட்டத்தை அளப்பதில்லை.

என் விஷயத்தில் இதெல்லாம் மறந்துபோனது.

தைப்பூசம் கழிந்த வாரம், கிளினிக்கில்
மிஸ்ஸி ஹஸ்னா சர்க்கரைப் புத்தகத்தில் எழுதினாள்:
எழுபத்தெட்டுப் புள்ளி நான்கு.
"எட்டுக் கிலோ, காக்" என்று
எட்டு விரலையும் விரித்துக் காட்டினாள்.
அன்று மாலையே பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
முப்பத்தொன்பது வெள்ளிக்கு
ஒரு கண்ணாடி எடைத்தட்டு வாங்கினேன்.

எழுந்ததும் ஏறினேன்.
கக்கூஸ் போய்வந்து ஏறினேன், இருநூறு கிராம் லாபம்.
தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
தாலிக்கொடியைக் கழற்ற மனசில்லை;
கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அதன் கனத்தை மட்டும்
கூரை வாங்கிக்கொள்ளும் என்பதுபோல.
பசியாறுமுன் ஒன்று, பசியாறியபின் ஒன்று.
குடித்த தண்ணீரைக்கூட
அது தண்ணீராகத்தான் காட்டியது;
கொழுப்பு என்று வாசித்தது நான்.

எழுபத்தேழு ஒன்பது வந்த அன்று
மகன் கேட்ட பத்து வெள்ளியைக்
கேள்வி கேட்காமல் கொடுத்தேன்.
மறுநாள் எழுபத்தெட்டு எட்டு.
செருப்பை வழியில் விட்டதற்கு
அதே பிள்ளைக்கு அரைமணி நேர ஏச்சு.
கருவாட்டுக் குழம்பு வைத்த இரவில் எழுபத்தொன்பது.
பாதிச் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தேன்.
பதினொரு மணிக்கு எழுந்து
டின்னில் இருந்த முறுக்கை இருட்டில் தின்றேன்.
உடையும் சத்தத்துக்கு மட்டும் பயம்.

"அதென்ன கோயில் படியா?
போகும்போதும் வரும்போதும் மிதிச்சுக் கும்பிடுறே"
என்றார் சந்திரபோஸ், பேப்பரை இறக்காமல்.

போன மாதம் ஒரு மதியம்.
லாரி வரிசை ஓய்ந்திருந்தது, வானம் கறுத்திருந்தது.
யாருமில்லை என்று பார்த்துவிட்டு
எடைப்பாலத்தின் நடுவில் போய் நின்றேன்,
அறுபது டன் தாங்கும் இரும்பின்மேல்,
கையில் மடக்கிய குடையோடு.
வெளித்திரையில் 80.
குடையைத் தள்ளிப் போட்டேன். 80.
செருப்பைக் கழற்றினேன்,
காலையெல்லாம் காய்ந்த இரும்பு சுட்டது. 80.
இருபது கிலோவுக்கு ஒரு முறைதான்
அது கண் திறக்கும்.
மிஸ்ஸி கேட்ட எட்டையும் இறக்கி வைத்துவிட்டு
வந்து நின்றாலும் எண்பதுதான் சொல்லும்.
சிரிப்பு வந்தது.
காலடியில் உதிரிப்பழம் ஒன்று நசுங்கிக் கிடந்தது.
அதையும் சேர்த்துத்தான் எண்பது.

இப்போதெல்லாம் புதன்கிழமை மட்டும்.
திங்கள் ஆகாது,
ஞாயிறு யார் வீட்டிலாவது பிரியாணி இருக்கும்.
விடிகாலை, தேநீருக்கு முன்,
அதே பூப்போட்ட நைட்டி.
பழைய எடைச்சீட்டின் பின்புறம் எழுதுகிறேன்.
நாலு சீட்டு சேர்ந்தபிறகே
ஒன்றோடொன்றை வைத்துப் பார்ப்பது.
மற்ற நாளெல்லாம் தட்டு
அரிசி டிரம்முக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு தரம் இழுத்தேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
ஒரு காலை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.
பதினொன்று புள்ளி ஆறு என்றது.
இந்தக் காலுக்கா இத்தனை வலி.

இன்று செவ்வாய். மழை கொட்டுகிறது.
ரொஸ்லானின் லாரி சொட்டச்சொட்ட ஏறி நிற்கிறது.
"கனம் கூடக் காட்டுமே, காக்" என்கிறான்
சொல்லாமலே இறங்கி.
காட்டும்தான்.
எழுதிக்கொள்கிறேன்.
அடுத்த லாரி.